கலிங்கக் குகையில் தமிழர் பெயர்

ஹௌராவில் வண்டி ஏறிச் சென்னைக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைகளாக அந்த இரு குன்றுகளைக் கடந்து சென்றவண்ணம் உள்ளன. பாலேசுவரமும் பத்ரக்கும் கழிந்து, மகாநதியின் நீண்ட பாலத்தில் வண்டி தடதடத்து ஓடிக் கட்டாக்கை அடையும். பிறகு காட்ஜோடியாற்றைத் தாண்டிச் சிறிது நேரத்தில் புவனேசுவரம் வந்துவிடும். அங்கு இறங்குவோர் பெரும்பாலும் பூரி சகந்நாதரையும் லிங்கராசரையும் நெஞ்சில் நினைந்து இறங்குவர். மற்றையோர் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டு மீண்டும் வந்து அமர்வர். நிலையத்துக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், ஒரு சாலை நடுவே பிரித்துச் செல்ல, எதிரெதிரே நிற்கும் உதயகிரி, கண்டகிரி என்னும் சிறு குன்றுகளில் தமிழரின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே.

அப்பெயர் அங்கே புகழ்ச்சியாகப் பொறிக்கப்படவில்லை. நம்மை வென்றதாகக் கூறிக்கொள்ளும் ஒரு மன்னன் வெட்டுவித்த எழுத்து அது. கலிங்கம் என்றவுடன் தமிழனுக்குச் செயங்கொண்டாரின் பரணி நினைவுக்கு வரும். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தை எரித்து வெற்றி கொண்ட கதையைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், கலிங்கத்தின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு வெற்றிப் பாட்டும் உண்டு. அது பாட்டாக அன்றிக் கல்வெட்டாக, ஒரு குகையின் நெற்றியில் இருக்கிறது.

முதலில் குகைகளைப் பார்ப்போம். உதயகிரியில் 18, கண்டகிரியில் 15 எனத் தொல்லியல் துறையினர் எண்ணிட்டுள்ளனர். இவற்றுள் மிகப் பலவும் மனிதர் உளியால் குடைந்தவை. இங்குள்ள பாறை கரடுமுரடான மணற்கல். வெட்டுவதற்கு எளிது, மழைக்கும் காற்றுக்கும் விரைவில் தேய்வதும் அதுவே. நம் நாட்டுக் குன்றுகள் இவ்வாறல்ல. மதுரையைச் சூழ்ந்த மலைகளிலும் சித்தன்னவாசலிலும் உள்ள கருங்கல் அவ்வளவு எளிதில் உளிக்கு இடங்கொடாது. ஆகவே இயற்கையாக அமைந்த பாழிகளைத் தேர்ந்து, தரையை மட்டும் செதுக்கிப் படுக்கைகளாக்கி, மழைநீர் உள்ளே வழியாதபடி மேற்பாறையில் காடி வெட்டிவிடுவதோடு நம்மவர் நிறுத்திக்கொண்டனர். சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் அவ்வாறு 17 படுக்கைகள் உள்ளன. மலையைக் குடைந்து அறையாக்கும் வேலை தமிழகத்தில் பரவலாவதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. கலிங்கத்தாரோ தொடக்கத்திலேயே முகப்புத் திண்ணை, தூண், வாயில், உள்ளறை என்று வீடு கட்டுவதுபோலவே பாறையைக் குடைந்துவிட்டனர்.

ஆனால் அவ்வீட்டினுள் நுழைந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். வெளியே நிற்கும் தூண்களும் வளைவுகளும் அரண்மனையை நினைவூட்டும். உள்ளறையிலோ பலவற்றில் நிமிர்ந்து நிற்க முடியாது. வாயிலில் ஏறக்குறைய தவழ்ந்துதான் புக வேண்டும். உட்கார்ந்து தியானம் செய்யலாம், கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவே. தரை பின்புறம் சற்றே உயர்ந்து செல்கிறது. அவ்வுயர்வே தலையணை. சித்தன்னவாசலிலும் படுக்கையின் தலைமாட்டில் இதே கல் தலையணை உண்டு. இரு நாடுகளிலும் அதில் தலைசாய்த்தவர் ஒரே நெறியைச் சார்ந்த சமணத் துறவியரே. தச்சர் வேறு, கல் வேறு. தலையணை மட்டும் ஒன்று.

குகைகளுள் மிகப் பெரியது உதயகிரியில் முதல் எண்ணுடைய இராணி கும்பா. கும்பா என்பது ஒடியாவில் குகையைக் குறிக்கும். நடுவில் முற்றம் விட்டு மூன்று புறமும் இரண்டு தளங்களாக அறைகள் குடையப்பட்டுள்ளன. வாயில்களுக்கு மேலே வரிசையாகச் சிற்பங்கள்: யானைகளோடு போரிடும் மகளிர், வேட்டையாடும் அரசன், இசைக்கருவிகளோடு நாட்டியம் ஆடுவோர். துறவியர் படுத்துறங்கிய அறையின் வாயிலில் இத்தனை ஆடலும் பாடலும் ஏன் என்று கேட்போருக்கு, இவற்றைக் குடைவித்தவன் இசை நூல் வல்லவன் என்று கல்வெட்டே கூறுகிறது என்பதைத் தவிர வேறு விடை சொல்லத் தோன்றவில்லை. கீழ்த்தளத்து முகப்புத் தூண்கள் பல விழுந்து பிற்காலத்தில் புதுக்கப்பட்டவை. சிற்பங்களிலும் முகம் தேய்ந்தவை மிகுதி. ஆயினும் அந்த முற்றத்தில் கைதட்டினால் எழும் ஒலியைக் கேட்டு, இது நாட்டிய அரங்கமாகவே அமைந்திருக்கலாம் என்று கருதியோரும் உளர்.

குன்றின் மேலே சென்றால் 14ஆம் எண்ணுள்ள ஹாத்திகும்பா, அதாவது யானைக் குகை. பார்வைக்கு எல்லாவற்றிலும் ஏழ்மையானது இதுவே. பெரிதும் இயற்கையாக அமைந்த ஓர் அகன்ற பொந்து, தூணில்லை, சிற்பமில்லை. குழந்தைகள் இராணி கும்பாவில் ஓடி விளையாடிய உற்சாகம் இங்கே வந்ததும் அடங்கிவிடும். ஆனால் இதன் முன்னே தொங்கும் பாறை நெற்றியில்தான் காரவேலனின் 17 வரிகள் உள்ளன. மொழி பிராகிருதம், எழுத்து பிராமி. பாறையை நன்றாக வழுவழுப்பாக்காமலே எழுதியிருக்கின்றனர். உளியின் தழும்பு எது, எழுத்தின் கோடு எது என்று பிரித்தறிவது கடினம். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எழுத்து இருப்பது தெரியுமே ஒழிய, எழுத்து இன்னதென்று தெரியாது.

அதனை உலகம் அறியச் செய்ததில் நாம் வாழும் இந்த நகரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1784இல் இங்கே தொடங்கப்பெற்ற ஆசியக் கழகத்தின் ஏடுகளில்தான் அக்கல்வெட்டு முதன்முதலாக அச்சேறிற்று. அதற்குப் படி எடுத்தவர் யார் தெரியுமா? தமிழகத்துச் சுவடிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டித் தந்த அதே காலின் மெக்கன்சி. இந்தியாவின் தலைமை நில அளவையாளராக அவர் கல்கத்தாவில் இருந்தபோது 1820இல் எடுத்த அப்படியை ஸ்டர்லிங் என்பார் ஒரிசா பற்றிய தம் கட்டுரையோடு 1825இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 1821இல், மெக்கன்சி மறைந்துவிட்டமையால் அச்சில் அவர் அதைக் காணவில்லை. படி இருந்ததே தவிரப் படிக்க எவராலும் இயலவில்லை. அந்த எழுத்தின் திறவுகோல் அப்போது கிடைத்திருக்கவில்லை.

கிடைத்தது 1837இல். கல்கத்தா நாணயச் சாலையில் உலோக மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், கமலாகாந்த வித்யாலங்காரர் என்னும் பண்டிதரின் துணையோடு பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். கிட்டோ என்னும் படைவீரர் நேரில் சென்று எழுதி வந்த புதுப் படியைக் கொண்டு அதே ஆண்டில் இக்கல்வெட்டின் பொருளையும் வெளியிட்டார். ஆனால் மன்னனின் பெயரை அவர் ‘ஐரன்’ என்றே கொண்டார். அது குலப்பெயரோ சிறப்புப் பெயரோ ஆகும். இயற்பெயர் இன்னும் பாறையிலேயே ஒளிந்திருந்தது. ஓயாத உழைப்பால் உடல் நைந்து 1838இல் கப்பலேறிய பிரின்செப் 1840இல் காலமானார். மாலையில் காற்று வாங்க நாம் செல்லும் பிரின்செப் கட்டம் அவர் நினைவாக அமைந்ததே. இராசேந்திரலால் மித்ரர் 1880இல் மீண்டும் முயன்றார். இறுதியில் பகவான்லால் இந்திரஜி என்னும் குசராத்தியப் பண்டிதரே 1885இல் வெளிவந்த தம் ஆய்வில் ‘காரவேலன்’ என்ற பெயரைச் சரியாகப் படித்துக் காட்டினார். பின்னர் மொகஞ்சதாரோவைக் கண்டறிந்த இராக்கால்தாசு பானர்ஜியும், பாட்னாவின் காசிபிரசாத் ஜெயசுவாலும் 1917 தொடங்கிப் பல்லாண்டுகள் இக்குகைக்குத் திரும்பத் திரும்பச் சென்று வரிவரியாகத் திருத்தினர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வேணிமாதவ பருவா 1929இல் ஒரு நூலே எழுதினார். தினேசு சந்திர சர்க்கார் 1942இல் தம் தொகுப்பில் ஒரு பாடத்தை நிறுவினார். ஒரு கல்லைப் படிக்க நூறாண்டு ஆயிற்று, அப்போதும் முடிந்தபாடில்லை.

கல்வெட்டு அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்குகிறது. பிறகு மன்னனின் வாழ்க்கை ஆண்டு ஆண்டாகச் சொல்லப்படுகிறது. மெய்க்கீர்த்திகளில் தோய்ந்த நமக்கு இம்முறை புதிதன்று. ஆனால் இந்நாட்டில் இதற்கு முந்திய எந்தக் கல்வெட்டிலும் ஒரு மன்னனின் ஆட்சி இவ்வாறு ஆண்டுவரிசையில் கூறப்பட்டதில்லை. சிறுவனாக விளையாட்டில் 15 ஆண்டுகள். இளவரசனாக 9 ஆண்டுகள். 24 நிரம்பியபின் முடிசூடல். முதலாண்டில், புயலால் சிதைந்த கலிங்க நகரத்தின் வாயில்களையும் மதிலையும் புதுக்கினான். வங்கக் கடற்கரையில் வாழும் நமக்கு அந்த ஒரு வரி மிக அண்மையில் எழுதியது போலத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் கூத்தும் இசையும் விழாவுமாக நகரத்தை மகிழ்வித்தான். ஐந்தாம் ஆண்டில் நந்தராசன் வெட்டிய கால்வாயை நகருக்குள் நீட்டினான். பன்னிரண்டாம் ஆண்டில் மகதத்தைப் பணிவித்து, முன்பு நந்தராசன் கொண்டுபோயிருந்த கலிங்கத்துச் சினன் திருவுருவை மீட்டு வந்தான். பதின்மூன்றாம் ஆண்டில் இக்குன்றில், கல்வெட்டு ‘குமாரி பர்வதம்’ என்று பெயர் சொல்லும் இதே உதயகிரியில், துறவியருக்குக் குகைகள் குடைவித்தான். புயல் சிதைத்த அந்நகரம் புவனேசுவரத்தின் புறத்தே உள்ள சிசுபாலகடமாக இருக்கலாம் என்பர். 1948இல் அகழ்ந்தபோது, பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாயில்களைக் கொண்ட சதுரமான கோட்டை நகரம் ஒன்று அங்கே வெளிப்பட்டது.

இவ்வரிசையில் பதினோராம் ஆண்டு பதினோராம் வரியில் வருகிறது. அங்கே இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது: பிதுண்டம் என்னும் நகரைக் கழுதை ஏர் பூட்டி உழுவித்தான். இரண்டாவது: ‘த்ரமிர’ நாடுகளின் கூட்டணியை உடைத்தான்.

கழுதை ஏரைப் பற்றி வடநாட்டு அறிஞர்கள் ஏதோ விந்தையான வழக்கம்போல எழுதிச் செல்வர். புறநானூறு படித்தவனுக்கு அதில் விந்தை ஒன்றுமில்லை. அந்நூலின் 15ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் அரண்களில் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதைப் பாடுகிறார். செங்குட்டுவனும் வடபுலத்தில் அவ்வாறு உழுது கவடி விதைத்தான் என்று சிலம்பு கூறும். மாடு பூட்டி உழும் நிலம் விளையும்; கழுதை பூட்டி உழும் நிலம் இனி ஊராகாது என்பது அதன் பொருள். கலிங்கனும் பாண்டியனும் பகைவனை இழிவுபடுத்த ஒரே செயலைச் செய்தனர். அதனைப் பெருமையாக ஒருவன் கல்லில் எழுதினான், மற்றவனைப் புலவர் பாட்டில் வைத்தார். இக்கல்வெட்டைத் தமிழ் நூல்களின் துணையின்றி முழுதாக விளக்க இயலாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனிக் கூட்டணி. பெரும்பாலோர் ஒப்பும் வாசிப்பின்படி, அச்சொல் ‘த்ரமிர தேச சங்காதம்’. த்ரமிர என்பது தமிழே. சங்காதம் என்றால் சேர்ந்த தொகுதி. அனுராதபுரத்துப் பழங்கல்வெட்டுகளில் ‘தமெட’ என்றும், வடமொழியில் ‘த்ரமிட’, ‘த்ராவிட’ என்றும் வழங்கியது போல இங்கே இவ்வடிவில் வந்துள்ளது. ஆனால் எழுத்துகள் மிகத் தேய்ந்துள்ளமையால் ‘தேச’ என்பதனைத் ‘தஹ’ என்று படிப்போரும் உண்டு. அவ்விடத்தில் தமிழரையே காணாத வாசிப்பும் உண்டு. நம் மேடைகளில் இதனைச் சொல்வோர் இல்லை. சொன்னால் ஏதோ குறைந்துவிடும் என்ற அச்சம் போலும். மூவேந்தர் ஒன்றுபட்டு நின்றதற்கு வெளிநாட்டார் கல்வெட்டே சான்று என்று முழங்கும்போது, அச்சான்று தேய்ந்த ஓரிரு எழுத்துகளின்மேல் நிற்கிறது என்பதையும் கேட்போருக்குச் சொல்வதே முறை. என் அளவில், பெரும்பாலோர் வாசிப்பையே நம்புகிறேன். அதற்குக் காரணம் தமிழ்ப் பற்று மட்டுமன்று. இரண்டு வரி கழித்து, 13ஆம் வரியில், பாண்டிய மன்னன் ஐயத்துக்கு இடமின்றிப் பெயர் குறித்து வருகிறான். தெற்கே படை நடத்தாதவனுக்குப் பாண்டியன் பொருள் அனுப்பியிருக்க வேண்டுவதில்லை.

அந்தக் கூட்டணி எத்தனை ஆண்டுகள் நின்றது என்பதில்தான் பெரிய வழக்கு. கல்வெட்டின் தொடர் ‘தேரச வச சத’ என்பது. பதின்மூன்று, ஆண்டு, நூறு. இதை 113 ஆண்டு என்றும் கொள்ளலாம். 1300 ஆண்டு என்றும் கொள்ளலாம். நம்மவர் சிலர் எதை விரும்புவர் என்று சொல்லத் தேவையில்லை. 1300 என்றால் தமிழரின் ஒற்றுமை கி.மு. பதினான்காம் நூற்றாண்டு வரை பின்னே செல்லும்!

நகைத்து ஒதுக்கிவிடலாம் என்றால், இலக்கணம் இடங்கொடுக்கவில்லை. ஆறாம் வரியில் நந்தராசனின் கால்வாயைப் பற்றிக் கூறுகையில் ‘தி வச சத’ என்று இதே அமைப்பில் ஒரு தொடர் உள்ளது. மூன்று, ஆண்டு, நூறு. அதனை 103 என்று கொண்டால் காரவேலன் அசோகனுக்கு மிக அண்மையில் வந்துவிடுவான். அசோகன் ஆண்ட கலிங்கத்திலேயே காரவேலனின் முன்னோரும் ஆண்டார்கள் என்று சொல்ல நேரும். ஆகவே அறிஞருட் பலர் அங்கே 300 என்று கொண்டு, நந்தருக்கு முந்நூறு ஆண்டு பிந்தியவனாக, கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் காரவேலனை வைக்கின்றனர். அங்கே 300 என்றவர் இங்கே மட்டும் 113 என்பது எங்ஙனம்? ஒரே கல்வெட்டில் ஒரே அமைப்புக்கு இரு கணக்கு. 1300 என்போரின் வலிமை இதுவே.

எனக்குத் தோன்றுவது இது. ‘முந்நூறு ஆண்டு’ என்று ஒருவன் சொன்னால் அது ஏறத்தாழக் கூறிய முழு எண்; நெடுங்காலம் என்பதற்கு அடுத்த படி. அது இயல்பு. ‘ஆயிரத்து முந்நூறு’ என்பது பகைவரின் தொன்மையைப் பெரிதாக்கித் தன் வெற்றியைப் பெரிதாக்கும் புகழுரையாக இருக்கலாம். வரலாறாக இருக்க இயலாது. அரசும் குடியும் அமைந்த தமிழகத்துக்கே அக்காலத்துச் சான்று இல்லாதபோது அவர்தம் கூட்டணிக்கு எங்கே போவது? ‘நூற்றுப் பதின்மூன்று’ என்பதோ நம்பத் தகுந்த அளவு. ஒரு கூட்டணி நான்கைந்து தலைமுறை நிற்கக் கூடும். எண்ணின் சிறுமையால் நம் பெருமை குறையாது. சேரரும் சோழரும் பாண்டியரும் தம்முள் ஓயாது பொருதவர்கள் என்பதற்குப் புறநானூறு முழுதுமே சான்று. அத்தகையோர் நூறாண்டுக்கு மேலாக ஏதோ ஒரு வகையில் இணைந்திருந்தனர் என்பதே வியப்புக்குப் போதுமானது.

அவ்விணைப்பைப் பற்றித் தமிழ் இலக்கியம் அறவே வாய் திறக்கவில்லையா? மாமூலனார் அகநானூற்று 31ஆம் பாட்டில், மொழி வேறுபடும் எல்லைப்புறத்தைத் தமிழ் மூவேந்தர் காப்பதாகக் குறிப்பிடுகிறார். மூவரும் தனித்தனியே போரிட்டதைப் பாடும் புலவர்களுக்கிடையே, மூவரும் சேர்ந்து காக்கும் எல்லையைச் சொன்னவர் அவர் ஒருவரே எனலாம். தலைவன் பொருள் தேடிப் பிரிந்ததைச் சொல்லும் பாட்டில் அது ஒரு போகிற போக்கிலான அடைமொழி. போகிற போக்கில் சொல்லப்பட்டது என்பதாலேயே நம்பத் தகுந்தது. அதே மாமூலனார்தான் நந்தர் பாடலியில் கங்கைக்கு அடியில் மறைத்த செல்வத்தையும், தெற்கே வந்த மோரியரையும் அறிந்தவர். ஹாத்திகும்பாவும் நந்தரை நினைவுகூர்கிறது; தமிழரை நினைவுகூர்கிறது. கல்வெட்டும் புலவரும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்கள்.

உடைத்தான் என்றதன் பொருள் என்ன? காரவேலன் தமிழகத்துக்குள் எவ்வளவு தூரம் வந்தான், எங்கே போர் நடந்தது, எவ்வூர் வீழ்ந்தது என்பது குறித்துக் கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. பிதுண்டத்தைத் தாலமி கூறும் பித்துண்டரா என்னும் நகரோடு ஒப்பிட்டு, மசூலிப்பட்டினக் கரையில் வைப்பர். அவ்வாறாயின் காரவேலன் உழுவித்த நகரம் தமிழகத்துக்கு வடக்கே, அந்த ‘மொழி வேறுபடும்’ எல்லைப்புறத்துக்கும் அப்பால் இருந்தது. ஓர் எல்லைப் போரில் வென்றவன் முழு நாட்டையும் வென்றதாக எழுதுவது எந்த நாட்டு அரசனுக்கும் புதிதன்று. நம் மெய்க்கீர்த்திகளிலும் அது நிரம்ப உண்டு. பரணியை நம்பும் நாம் அதே அளவுக்கேனும் இதனை நம்ப வேண்டும். இதனை ஐயுறும் அளவுக்குப் பரணியையும் ஐயுற வேண்டும்.

பன்னிரண்டாம் ஆண்டின் செய்திகளோடு சேர்ந்து வருகிறது பாண்டியனின் முத்து. முத்தும் மணியும் பிற செல்வமும் நூறாயிரக் கணக்கில் பாண்டிய மன்னனிடமிருந்து இங்கே வரவழைக்கப்பட்டன என்கிறது 13ஆம் வரி. கொற்கை முத்து அக்காலத்தில் வடநாடு முழுவதும் பெயர்பெற்றது. அர்த்தசாத்திரம் முத்து விளையும் இடங்களைப் பட்டியலிடுகையில் பாண்டிய நாட்டை விடவில்லை. திறையாக வந்ததோ, வாணிகத்தால் வந்ததைத் திறை என்று எழுதிக்கொண்டனரோ, அறிய வழியில்லை. கலிங்கத்துக்கும் கொற்கைக்கும் இடையே கரையோரமாக ஓடிய மரக்கலங்களின் வழி நெடுநாளாகத் திறந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

இக்குகைகளில் நிற்கும்போது என்னை மிகவும் எண்ண வைப்பது வேறொன்று. மதுரைக்கு அருகே மாங்குளம் என்னும் ஊரில், மீனாட்சிபுரத்து மலையில், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டியன் நெடுஞ்செழியனைச் சேர்ந்தோர் கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்கு இருப்பிடம் செய்து கொடுத்ததை அவை கூறும். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவ்வகை எழுத்துகளின் மொழி தமிழே என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் தம் வாழ்நாள் உழைப்பின் முடிவாக 2003இல் வெளியிட்ட பெருநூலில் மாங்குளக் கல்வெட்டுகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வைத்தார். காரவேலனுக்கு முற்பட்டது எனினும் மிகவும் தொலைவான காலமன்று. கலிங்க மன்னன் குமாரிக் குன்றில் யாருக்குக் கல்லணை செய்தானோ, அதே நெறியினருக்குத்தான் பாண்டியனின் ஆட்களும் கல்லணை செய்தனர். அத்துறவியர் ஓரிடத்தில் மழைக்காலம் கழித்து, மழை ஓய்ந்தபின் நடந்துகொண்டே இருப்பவர்கள். கழுதை ஏர் ஓடிய எல்லைப்புறத்தின் வழியாகவே அவர்கள் தெற்கும் வடக்கும் போயிருக்க வேண்டும். பிராமி எழுத்து தமிழகத்துக்கு வந்த வழி பற்றி இன்று கருத்து மாறுபாடு மிகுந்துவிட்டது. அவ்வழக்கில் இங்கே இறங்க வேண்டாம்.

காரவேலன் என்ற பெயரிலேயே தமிழ் இருக்கிறது என்போரும் உண்டு. கரிய வேலை உடையவன் என்று திராவிட மொழிவழி பொருள் கண்டவர் வேறு யாருமல்லர், கல்கத்தாவின் பெருமொழியறிஞர் சுனீதிகுமார் சட்டர்ஜியே. ஏற்றுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் ஒலியை மட்டும் வைத்துக் குலத்தை முடிவு செய்வதில் உள்ள இடர் லேக் மார்க்கெட்டில் வாழும் நமக்குத் தெரியாததன்று. இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வங்கப் பெயர்!

மற்றக் குகைகளில் மறவாது பார்க்க வேண்டியவை சில. 9ஆம் எண் குகையின் மேல்தளத்தைக் காரவேலனின் பட்டத்தரசி குடைவித்தாள். தன் பெயரைக் கூறாமல், தந்தையின் பெயரையும் கணவனின் பெயரையும் அக்கல்வெட்டில் விட்டுச் சென்றாள். 10ஆம் எண் கணேச கும்பாவின் வாயிலில் இரு யானைகள் நிற்கின்றன. குழந்தைகளுக்குப் பிடித்த இடம் அதுவே. 12ஆம் எண் வாக் கும்பா, புலி வாய் திறந்தது போலச் செதுக்கிய ஒரே சிற்றறை. வாய் நுழைவாயில், தொண்டையில் துறவியின் இடம். அதனைச் செய்வித்தவன் அரசன் அல்லன். நகரத்து நீதி அதிகாரி சபூதி என்பவன். எதிரே கண்டகிரியில் அனந்த கும்பாவின் வளைவுகளில் பாம்புகளும், நடுவே திருமகளும், தேரூரும் ஞாயிறும், வேலியிட்ட மரத்தை வணங்குவோரும் உள்ளனர். நவமுனி கும்பாவின் கல்வெட்டுகள் மிகப் பிந்தியவை. உத்தியோதகேசரி என்னும் மன்னனின் 11ஆம் நூற்றாண்டு ஆட்சியில் சுபசந்திரர் என்னும் சமண ஆசிரியர் அங்கிருந்ததை அவை தெரிவிக்கின்றன. இராசேந்திர சோழனின் கங்கைப் படை ஒட்ட நாட்டைக் கடந்து சென்றதும் அந்நூற்றாண்டில்தான். காரவேலனுக்குப் பின் ஓராயிரம் ஆண்டு கழித்தும் அக்கல் தலையணைகளில் ஆள் இருந்தார்கள்.

கண்டகிரியின் உச்சியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய சமணக் கோயில் உள்ளது. அங்கிருந்து தென்கிழக்கே தௌலிக் குன்றின் திசை. 1972இல் எழுப்பிய வெள்ளைத் தூபியால் அதனை அடையாளம் காணலாம். காரவேலனுக்கு முன்பே, கலிங்கப் போரை வென்ற அசோகன் தன் கட்டளைகளை அங்கே பாறையில் வெட்டுவித்தான். தன் படை செய்த கொலைகளுக்கு வருந்தும் 13ஆம் கட்டளையைத் தோற்ற நாட்டார் கண்ணில் படாதபடி அவ்விடத்தில் விட்டுவிட்டான். ஆனால் இரண்டாம் கட்டளை இருக்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம், வழிநெடுக மரங்கள், கிணறுகள், இல்லாத மூலிகைகளைக் கொணர்ந்து நடுதல் ஆகியவற்றைத் தன் நாட்டிலும் எல்லைக்கு அப்பாலும் செய்ததாக அதில் அவன் கூறுகிறான். எல்லைக்கு அப்பாற்பட்டோர் பட்டியலில் முதலில் வருவோர் சோழரும் பாண்டியரும். தௌலியையும் இரு குன்றுகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வெயில் ஏறுமுன் குகைகளுக்குப் போவது நன்று. மணற்கல் விரைவில் சூடேறிவிடும்.